முதல் சோடி ஸ்கீ எது? ஒஸ்லோவில் லாங்ரென் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

லாங்ரென் என்பது மலைச்சரிவில் இறங்குவதல்ல, தடத்தில் நெடுந்தூரம் போகும் ஸ்கீ. வேலைத்தலத்தில் நோர்வேக்காரர் மூவரிடம் "லாங்ரென் தொடங்கப் போகிறேன், என்ன ஸ்கீ வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மெழுகு பூசும் ஸ்கீதான் ஸ்கீ என்பார். இன்னொருவர் ஸ்கேட்டிங் பழகு, உடம்புக்கு நல்லது என்பார். மூன்றாமவர் தன் கராஜில் கிடக்கும் பழைய சோடியை இனாமாகவே தருகிறேன் என்பார். மூன்றும் நல்ல மனதோடு சொல்லப்படுபவை. முதல் குளிர்காலத்துக்கு மூன்றுமே பெரும்பாலும் பொருந்தாதவை. சொல்பவர்கள் நடை பழகிய கையோடு ஸ்கீயில் நின்றவர்கள். பிடிப்பே இல்லாத ஸ்கீயிலும் எப்படியோ மேடு ஏறிவிடுவார்கள். முப்பது நாற்பது வயதில் முதன்முதலாக நிற்பவருக்குத் தேவை வேறு. ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்காத ஸ்கீ, காலைக் கடிக்காத சப்பாத்து, இறக்கம் குறைந்த இடம் இவை மூன்றும்தான். கீழே உள்ள ஒவ்வொரு தெரிவையும் இந்த மூன்றையும் வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

கணக்கு ஒஸ்லோவையும் அதைச் சுற்றியுள்ள மார்க்கா காடுகளையும் வைத்துப் போட்டது. ஸ்தோவ்னர், ரொம்மன், ஃபூருசெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் காடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தடங்களுக்குக் கட்டணமும் இல்லை. 1883-இல் தொடங்கிய ஷீஃபோரெனிங்கன் என்ற சங்கம் இயந்திரம் ஓட்டித் தடம் போடுகிறது, யாரும் போகலாம்.

கிளாசிக்கா, ஸ்கேட்டிங்கா

இதை நீட்டி யோசிக்கத் தேவையில்லை. கிளாசிக்கில் இயந்திரம் வெட்டிவிட்ட இரண்டு சமாந்தர அச்சுக்குள் ஸ்கீ நேராக ஓடும். நடக்கத் தெரிந்தவர் முதல் நாளே ஒரு கிலோமீற்றர் போய்விடலாம், மெதுவாகப் போனாலும் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்கேட்டிங்கில் அச்சு இல்லை. அகலமாக இறுக்கிய பனியில் ஒரு காலில் முழுப் பாரத்தையும் வைத்து வழுக்க வேண்டும். ஒற்றைக் காலில் இரண்டு விநாடி நிலைத்து வழுக்க முடியாதவர் அங்கே சிறு ஏற்றத்திலும் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். ஐஸ் ஸ்கேட்டிங்கோ ரோலர் ஸ்கேட்டிங்கோ நன்றாக வருபவருக்கு மட்டும் விதிவிலக்கு.

இரண்டுக்கும் பொது என்று விற்கும் கொம்பி ஸ்கீயைத் தவிர்ப்பது நல்லது. கிளாசிக்குக்குப் பிடிப்புக் குறைவு, ஸ்கேட்டிங்குக்கு நீளம் கூட. கொம்பிச் சப்பாத்து அப்படியல்ல. கணுக்காலைத் தாங்கும் பட்டி இருப்பதால் தொடங்குபவருக்கு அது வசதிதான்.

உருக்கு விளிம்பு வைத்த அகலமான மலை ஸ்கீயும் வேறு சாமான். மலையில் தடமில்லாத பனிக்கு அது வேண்டும். காட்டுத் தடத்தில் அச்சின் சுவரோடு உரசிக்கொண்டே வரும். சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கும் அதில் பெரும்பாலும் வேறு அளவில் இருக்கும்.

ஸ்கீயின் அடியில் என்ன இருக்க வேண்டும்

காசும் கவலையும் அதிகம் போகும் இடம் இதுதான். கிளாசிக் ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் நடுப்பகுதி வில்போல மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் நிற்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடக் கூடாது, முன்னும் பின்னும் மட்டும் வழுக்க வேண்டும். ஒரு காலில் பாரத்தைப் போட்டு உதைக்கும் அந்தக் கணத்தில் மட்டும் நடுப்பகுதி அமுங்கிப் பனியைப் பிடிக்க வேண்டும். எதைக் கொண்டு பிடிக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

மெழுகு ஸ்கீயில் அந்த உதைப்பகுதியில் பிடிமெழுகு பூசுவார்கள். பனித்துகளின் கூர்முனை மெழுகுக்குள் குத்தி நிற்பதால் பிடிப்பு வருகிறது. துகள் கூராக இருக்கும் குளிரில் கடினமான மெழுகு போதும். துகள் உருகி மழுங்க மழுங்க மென்மையான மெழுகு வேண்டும். சுவிக்ஸ் என்ற மெழுகு நிறுவனத்தின் நீல எக்ஸ்ட்ரா, அதாவது வி40, புதுப்பனியில் மறை 1 முதல் மறை 7 பாகை வரைக்கும். பச்சை வி20 மறை 8-இலிருந்து மறை 15 வரைக்கும். மறை 5-இல் உலர்ந்த புதுப்பனி என்றால் வி40-ஐ மூன்று நான்கு மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையையும் தக்கையால் தேய்த்துவிட்டால் அதற்கு ஈடான ஸ்கீ கிடையாது. வழுக்கலும் பிடிப்பும் ஒருசேர வரும்.

சிக்கல் என்னவென்றால் ஒஸ்லோவின் குளிர்காலம் மறை 5-இல் நிற்பதில்லை. பகலில் பூச்சியத்துக்கு மேலே போய் இரவில் உறைந்தால் தடம் கண்ணாடிபோல இறுகிவிடும். அதற்குக் கிளிஸ்டர் என்ற பிசின் வேண்டும். கையில், காற்சட்டையில், கார் இருக்கையில் எல்லாம் ஒட்டும். சரியாகப் பூச்சியத்தில் ஈரமான புதுப்பனி விழுந்தால் அனுபவசாலிகளே தடத்தோரத்தில் நின்று சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அதோடு நகரத்துக்கும் காட்டின் மேட்டுக்கும் வெப்பநிலை வேறு. வீட்டு வாசலில் ஈரப்பனிக்கென்று பூசிய மெழுகு, மெற்றோவில் ஃப்ரொக்னர்செத்ரன் நிலையத்தில் 469 மீற்றர் உயரத்தில் இறங்கும்போது உலர்ந்த பனியை அள்ளி ஸ்கீக்கு அடியில் கட்டியாக ஒட்ட வைக்கும். இதையெல்லாம் இரண்டாம் மூன்றாம் குளிர்காலத்தில் ஆசையோடு கற்கலாம். முதல் மாதத்தில் இது வெறும் எரிச்சல்.

ஃபெல்லெஸ்கீயில் உதைப்பகுதியில் குறுகிய ரோமப்பட்டை பதித்திருக்கும். பெரும்பாலும் அங்கோரா ஆட்டின் மொஹேர், அல்லது மொஹேரும் நைலோனும் கலந்தது. மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே இழுத்தால் சிலிர்த்துப் பிடிக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே விளங்கும். இறுகிய பழைய தடத்தில், கிளிஸ்டர் தேவைப்படும் அதே பனியில், இதன் பிடிப்பு நிம்மதி தரும். குறை இரண்டு. உலர்ந்த குளிரில் நன்றாக மெழுகிட்ட ஸ்கீயை விட மெதுவாக வழுக்கும். தொடங்குபவருக்கு அது குறையே அல்ல, இறக்கத்தில் நன்மை. மற்றது, பூச்சியத்தை ஒட்டிய புதுப்பனியில் பட்டையில் ஈரம் ஏறி உறைந்து, ஸ்கீக்கு அடியில் பனிக்கட்டி கட்டும். அதற்கெனத் தனியாகத் திரவம் விற்கிறார்கள். வெளிக்கிடும் முன்பு தடவிக் காயவிட வேண்டும். அதைவிட முக்கியம், சூடான வீட்டிலிருந்து எடுத்த ஸ்கீயை நேரே பனியில் வைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே சாத்திவைப்பது. பனிக்கட்டி கட்டுகிறது என்ற முறைப்பாடுகளில் பாதி இந்தப் பொறுமையின்மையால் வருவதுதான்.

செதில் ஸ்கீயில் அடிப்பாகத்திலேயே மீன்செதில் போன்ற படிகள் வெட்டியிருக்கும். விலை குறைவு, பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை, ஈரப்பனியில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் இறுகிய தடத்தில் செதிலுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை, சறுக்கிவிடும். வழுக்கும்போது ஒரு முரல் ஒலியும் வரும். வருடத்தில் நாலைந்து தடவை போகிறவருக்கும் பிள்ளைகளுக்கும் போதும். பூச்சியப் பாகைக்கென்றே செய்த ஸீரோ ஸ்கீ, அதாவது காலடியில் உரசிவிட்ட ரப்பர்த் தன்மையான அடிப்பாகம் கொண்டது, பல சோடி வைத்திருப்பவரின் மேலதிக சோடி. ஒரே சோடியாக வாங்க வேண்டாம்.

ஆக, ஒரே சோடி வாங்கி டிசெம்பரிலிருந்து மார்ச் வரை எந்தச் சனிக்கிழமையும் யோசிக்காமல் எடுத்துப் போக வேண்டும் என்றால் ஃபெல்லெஸ்கீ. இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. பைண்டிங்கை முன்பின் நகர்த்தும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. முன்னே நகர்த்தினால் பாரம் உதைப்பகுதிமேல் விழுந்து பிடிப்புக் கூடும். பின்னே நகர்த்தினால் வழுக்கல் கூடும். முதல் நாட்களில் ஓரிரு படி முன்னேயே வைத்திருங்கள்.

நீளத்தை விட விறைப்பு

கிளாசிக் ஸ்கீ ஆளின் உயரத்தோடு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் கூட. 170 செ.மீ. உயரமானவருக்கு 190 சுற்றி. கையில் பிடிக்கும் கோல் ஆளின் உயரத்தில் சுமார் 83 வீதம். அதே ஆளுக்கு 140. ஸ்கேட்டிங் கோல் 150–155 வரை போகும் என்பதால் இரவல் வாங்கும்போது எதற்கான கோல் என்று கேட்டுவிடுங்கள்.

நீளத்தில் ஐந்து சென்ரிமீற்றர் கூடக்குறைய இருந்தால் குடிமுழுகாது. விறைப்புப் பிழைத்தால் முழுக் குளிர்காலமும் போச்சு. உங்கள் எடைக்கு விறைப்புக் கூடிய ஸ்கீயில் ரோமப்பட்டை பனியைத் தொடவே தொடாது. எவ்வளவு நல்ல பட்டை இருந்தும் ஏற்றத்தில் பின்னோக்கிப் போவீர்கள், பிழை உங்கள் கால் என்று நினைப்பீர்கள். விறைப்புக் குறைந்தால் பட்டை எந்நேரமும் உரசி, மெதுவாகப் போவதோடு பட்டையும் சீக்கிரம் தேயும்.

கடையிலேயே சோதிக்கலாம், ஓர் ஏ4 தாளும் மட்டமான தரையும் போதும். இரண்டு ஸ்கீயையும் தரையில் வைத்துச் சப்பாத்து நிற்கும் இடத்தில் ஏறிச் சமபாரத்தில் நில்லுங்கள். இன்னொருவர் காலடிக்குக் கீழே தாளை நுழைத்து முன்னும் பின்னும் இழுக்கட்டும். குதிக்காலடியிலிருந்து பெருவிரலுக்கு முன்னே 30–40 செ.மீ. வரை தாள் தடையின்றி ஓட வேண்டும். பட்டை உள்ள ஸ்கீயில் லேசாக உரசலாம். பிறகு பாரம் முழுவதையும் அந்த ஒரு காலுக்கு மாற்றுங்கள். தாள் அசையக் கூடாது. ஒற்றைக் காலிலும் தாள் ஓடினால் அந்த ஸ்கீ உங்களுக்கு இல்லை, எவ்வளவு கழிவு போட்டிருந்தாலும். இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் சற்று மென்மையானதை எடுங்கள். பைக்குள் தண்ணீர், சாப்பாடு, பிள்ளையின் ஜக்கெட் என்று சுமந்து போவதையும் எடையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எடையைக் கடைக்காரரிடம் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்பவர்கள் தமக்கே வினை தேடுகிறார்கள்.

சப்பாத்தும் பைண்டிங்கும்: பழைய சோடியின் கண்ணி

கராஜிலிருந்து இனாமாக வரும் ஸ்கீயில் ஆபத்து பெரும்பாலும் ஸ்கீயில் இருக்காது, பைண்டிங்கில் இருக்கும். இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் சப்பாத்துகள் அநேகமாக எல்லாம் ரொட்டெஃபெல்லா நிறுவனத்தின் என்.என்.என். என்ற பைண்டிங் முறையோடு பொருந்துபவை. டர்னாமிக், புரோலிங்க் என்ற பைண்டிங்குகளும் அதே சப்பாத்தை ஏற்கும். பழைய சலமோன் எஸ்.என்.எஸ். முறை ஏற்காது. சப்பாத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள்: நீளவாக்கில் இரண்டு ஒடுங்கிய பள்ளம் இருந்தால் என்.என்.என்.; நடுவே ஓர் அகலமான பள்ளம் இருந்தால் எஸ்.என்.எஸ். முன்நுனி தாராவின் அலகுபோல நீண்டு மூன்று துளையோடு இருந்தால் அது 75 மில்லிமீற்றர் முறை, இன்னும் பழையது. ஸ்கீயும் சப்பாத்தும் சோடியாக ஒரே முறையில் வந்தாலும், சப்பாத்துப் பழுதானால் மாற்றீடு தேடுவது பெரும்பாடு. மலை ஸ்கீக்கான என்.என்.என். பி.சி. பெயரில்தான் உறவு, அதன் கம்பி தடிப்பானது, சாதாரண பைண்டிங்கில் ஏறாது.

இன்னொன்று, பத்துப் பதினைந்து வருடம் அலுமாரிக்குள் இருந்த சப்பாத்தின் அடி, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் உள்ளே உக்கிப்போயிருக்கும். அடிப்பாகத்தின் பொலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதைகிறது. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது நடக்கும். இரண்டு கையாலும் பிடித்து அடியை நன்றாக வளையுங்கள். வெடிப்புக் கண்டாலோ, விளிம்பில் நகத்தால் கீறும்போது துகள் உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். காட்டுக்குள் ஐந்தாவது கிலோமீற்றரில் அடி கழன்றால் ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துதான் வர வேண்டும்.

பழைய ஸ்கீயோடு பழைய மெழுகுப் பெட்டியும் வந்தால் அதிலுள்ள ஃபுளோர் மெழுகை, அதாவது ஃபுளோரின் கலந்த மெழுகை, பாவிக்க வேண்டாம். உடம்புக்கும் மண்ணுக்கும் கெடுதி என்பதால் 2023–24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளிலேயே அதற்கு முழுத் தடை.

சப்பாத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள் என்பதே எங்கள் புத்திமதி, மற்றதெல்லாம் இரவலாக இருந்தாலும் சரி. தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னே ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். விரலில் எழும்பி நிற்கும்போது குதிக்கால் உள்ளே மேலெழக் கூடாது. சப்பாத்து மடியும் மடிப்பு விரல் மூட்டில் அழுத்தக் கூடாது. கடையில் ஐந்து நிமிடம் போட்டுக்கொண்டு முழங்காலை மடித்து மடித்து நடந்தால் தெரிந்துவிடும்.

இரவல், வாடகை, பழையது, புதியது

முதல் இரண்டு மூன்று தடவைக்கு வாங்கவே வேண்டாம். பூவா என்ற அமைப்பின் இரவல் நிலையங்கள் நோர்வேயின் பல நகரசபைகளில் இருக்கின்றன. ஸ்கீ, சப்பாத்து, கோல் எல்லாம் இலவசம். பிள்ளைகளுக்குத்தான் அங்கே தெரிவு அதிகம், பெரியவர்களின் அளவு சீக்கிரம் முடிந்துவிடும். பள்ளியின் ஸ்கீ நாளுக்கு முந்திய கிழமை போனால் வெறும் தட்டுத்தான் மிச்சம். இரண்டு கிழமை முன்னதாகப் போங்கள்.

வாடகைக் கடைகளில் பெரும்பாலும் எடையையும் கேட்டே ஸ்கீ தருவார்கள். கேட்காமல் உயரத்தை மட்டும் பார்த்துத் தந்தால் நீங்களே சொல்லுங்கள். செதில், பட்டை இரண்டும் இருந்தால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது என்று எடுத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரை சொல்வதை விட அது தெளிவாகச் சொல்லும். கடைக்குக் கடை விலை மாறும் என்றாலும், நடுத்தரமான முழு செட் ஒன்றின் விலை ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் வாடகைக்குச் சமமாக வரும். ஒரு குளிர்காலத்தில் ஐந்தாறு தடவைக்கு மேல் போவது நிச்சயம் என்றால் வாங்குவது நட்டமில்லை.

ஃபின் என்ற இணைய விளம்பரத் தளத்தில் பழைய ஃபெல்லெஸ்கீ தாராளமாகக் கிடைக்கும். விளம்பரத்தில் நீளம் மட்டும் எழுதியிருப்பார்கள். வழமையாக ஸ்கீயின் பக்கவாட்டிலோ மேலேயோ எடை வரம்பு அச்சடித்திருக்கும். அதன் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நேரில் பார்க்கும்போது பட்டையின் முன்விளிம்பு கிளம்பியிருக்கிறதா, நடுவே மயிர் வழித்து மொட்டையாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில மாதிரிகளில் பட்டையைக் கழற்றிப் புதிது போடலாம், சிலவற்றில் ஒட்டியது ஒட்டியதுதான். இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்து நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு ஏதும் இருந்தால் கண்ணில் படும். முதல் குளிர்காலத்தில் விலையுயர்ந்த கார்பன் ஸ்கீயும் பந்தயக்காரரின் கழித்துவிட்ட சோடியும் வேண்டாம். இரண்டும் விறைப்பானவை.

முதல் நாள் எங்கே

பலரும் முதலாம் இலக்க மெற்றோவில் ஃப்ரொக்னர்செத்ரனுக்குத்தான் போகிறார்கள். பனி நிச்சயம், இறங்கியவுடன் தடம், சுற்றுலாப் படங்களிலும் அதுதான். தொடங்குபவருக்கு மோசமான தெரிவும் அதுதான். உச்சியில் இறங்கினால் எந்தப் பக்கம் போனாலும் இறக்கம். போன இறக்கம் எல்லாம் திரும்பி வரும்போது ஏற்றம். வார இறுதியில் பின்னால் வேகமாக வருபவர்களும் இருப்பார்கள்.

ஐந்தாம் இலக்கத்தில் சொங்ஸ்வான் பரவாயில்லை. ஏரி 183 மீற்றரில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தரை மட்டமானது, ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் போய்ப் பழகலாம். அங்கிருந்து உல்லெவோல்செத்தர் விடுதிக்குச் சுமார் ஆறு கிலோமீற்றர், ஏறத்தாழ 170 மீற்றர் ஏற்றம். ஏறிப் போவது களைப்பு, ஆபத்தில்லை. வஃபலும் கோப்பியும் முடித்துவிட்டுத் திரும்பும் நீண்ட இறக்கத்தில்தான் முழங்கால்கள் காயப்படுகின்றன. பிறேக் பிடிக்கத் தெரியும் வரை அந்த விடுதியைத் தள்ளிப்போடுங்கள். குறைந்த உயரம் என்பதால் சொங்ஸ்வானில் பனி முந்திக் கரையும் என்பது மட்டும் கவனம்.

முதல் நாளுக்கு எங்கள் முதல் தெரிவு மட்டமான வயல்வெளி அல்லது கோல்ஃப் மைதானம். பொக்ஸ்டாட் பக்கம் மைதானத்தில் பனி போதிய அளவு இருக்கும்போது தடம் போடுவார்கள். அடுத்தது மின்விளக்குத் தடங்கள். வேலை முடிந்து இருட்டிய பிறகும் போகலாம், தொலைந்துபோக வழியில்லை, பெரும்பாலானவை வளையங்கள். ஓஸ்ட்மார்க்காவில் ஸ்குல்லெருட், லில்லோமார்க்காவில் லிண்டெருட்கொல்லன் போன்றவை மெற்றோவுக்குக் கிட்ட இருக்கின்றன, ஆனால் அங்கே மேடுபள்ளம் உண்டு. இரண்டாம் மூன்றாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். பனி குறைந்த காலத்தில் போடும் செயற்கைப் பனி வளையங்கள் இறுகி வேகமாக இருக்கும், பந்தயக்காரரும் அங்கேதான் பயிற்சி செய்வார்கள், அவசரமில்லாதவர் விலகியிருக்கலாம். 2020-இல் திறந்த லோரன்ஸ்கூக் உள்ளரங்கில் வருடம் முழுவதும் பனி உண்டு, நுழைவுக் கட்டணமும் உண்டு.

கிளம்பும் முன் ஸ்கீஸ்பூரெட் என்ற இணையத் தளத்தில் தடம் போடும் இயந்திரம் கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். அன்று காலையோ முந்திய இரவோ ஓடியிருந்தால் போங்கள். மூன்று நாளுக்கு முன் ஓடி, இடையில் உருகி உறைந்திருந்தால் அன்றைக்கு நடைப்பயிற்சியோடு நின்றுகொள்வது உத்தமம். முதல் நாளுக்கு மறை 2 முதல் மறை 8 வரையான உலர்ந்த நாள் கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

வகுப்பா, தானாகவா

வகுப்புக்குக் கொடுக்கும் காசு, விலையுயர்ந்த ஸ்கீக்குக் கொடுக்கும் காசை விடப் பயன் தரும். ஷீஃபோரெனிங்கன் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொடக்க வகுப்புகள் நடத்துகிறது. இடம் சீக்கிரம் நிரம்பும், இலையுதிர்காலத்திலேயே பதிய வேண்டும். நண்பர் சொல்லித்தருவதில் உள்ள சிக்கல், தனக்கு எப்படி வருகிறது என்று அவருக்கே தெரியாது என்பதுதான்.

தானாகப் பழகுபவர் முதல் அரை மணித்தியாலம் கோலைத் தடத்தோரத்தில் குத்திவைத்துவிட்டுப் போக வேண்டும். கோல் கையில் இருந்தால் அதில் ஊன்றிக்கொண்டு நடப்பீர்கள். பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறவே மாறாது, பட்டையும் அமுங்காது. கோல் இல்லாமல், முழங்காலைச் சற்று மடித்து, நெஞ்சை முன்னே சாய்த்து, ஒவ்வொரு அடியிலும் பாரத்தை முழுவதும் முன்காலுக்கு மாற்றிக் கொஞ்சம் வழுக்கவிடுங்கள். பின்னோக்கிச் சறுக்கினால் பெரும்பாலும் உடம்பு நிமிர்ந்து குதிக்காலில் நிற்பதுதான் காரணம்.

அடுத்து பிறேக். மட்டமான தரையோடு சேரும் சிறு சரிவில், ஒரு ஸ்கீயை அச்சுக்குள் விட்டு, மற்றதை வெளியே எடுத்து நுனி உள்நோக்கி, வால் வெளிநோக்கி இருக்கும்படி சரித்து உட்பக்க விளிம்பால் பனியைச் சுரண்டுங்கள். இந்த அரைப் பிறேக் வந்துவிட்டால் மார்க்காவின் பாதித் தடங்கள் திறந்துவிடும். ஏற்றத்தில் பிடிப்புப் போனால் அச்சை விட்டு வெளியே வந்து, நுனிகளை V வடிவில் விரித்து உள்விளிம்பில் ஏறுங்கள். விழப் போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருங்கள், கையை முன்னே ஊன்ற வேண்டாம். எழும்பும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழும்ப எழும்ப ஓடும். பயமான இறக்கத்தில் ஸ்கீயைக் கழற்றி ஓரமாக நடந்து இறங்குவதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அச்சுக்குள் கால் பதித்து நடந்தால்தான் முறைப்பார்கள். வலப்பக்கம் போவது, ஏறுபவர் இறங்குபவருக்கு வழிவிடுவது, நிற்பதென்றால் தடத்தை விட்டு விலகி நிற்பது ஆகியவையே வழக்கம்.

உடுப்பில் நம்மவர் செய்யும் பிழை கூடப் போடுவது. மறை 5-இல் மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜக்கெட், மெல்லிய கையுறை, தொப்பி. வீட்டு வாசலில் சற்றே குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்து வைத்து, நின்ற மறுகணம் விறைக்க வைக்கும். தடித்த கோட்டுக்குப் பதிலாக, நிற்கும்போது போட ஒரு பஞ்சு ஜக்கெட்டைப் பையில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு

பிள்ளைகளுக்கு வளரட்டும் என்று பெரிதாக வாங்குவது உடுப்பில் சரி, ஸ்கீயில் சரிவராது. சிறு பிள்ளைக்குத் தன் உயரமளவு போதும், பழகிய பிள்ளைக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை கூடலாம். சின்னவர்களுக்குக் கோலே வேண்டாம். விளையாட்டுக் கழகங்கள் இலையுதிர்காலத்தில் நடத்தும் பழைய சாமான் சந்தைகளில் போன வருடச் சோடியைக் கொடுத்து இந்த வருட அளவை எடுத்து வரலாம். பெற்றோர் தமக்கு வாங்கும் முன்பே பிள்ளைகள் முந்திவிடுவது வழக்கம், பரவாயில்லை.

வாங்குவதென்றால் எப்போது

சப்பாத்தை அளவு எல்லாம் இருக்கும் நொவெம்பரில் வாங்குங்கள். ஸ்கீக்கு அவசரம் இல்லை என்றால் இரவலில் குளிர்காலத்தை ஓட்டிவிட்டு ஈஸ்டரை ஒட்டிப் பாருங்கள். கடைகள் இடம் காலிசெய்ய விலையைக் குறைக்கும் காலம் அது, ஃபின் தளத்திலும் விற்பவர் கூடுவார்கள். அப்போது தாள் சோதனையில் தேறிய சோடி கிடைத்தால் எடுத்துவிடலாம். பருவம் முடிந்ததும் ரோமப்பட்டையை அதற்கென்றே விற்கும் திரவத்தால் மட்டும் துடையுங்கள், மெழுகு அகற்றும் கரைப்பான் பட்டையின் பசையைக் கெடுத்துவிடும். அறை வெப்பத்தில், ஹீட்டரில் சாத்தாமல் காயவிட்டு, முன்னும் பின்னும் உள்ள வழுக்கும் பகுதிக்குத் திரவ மெழுகு பூசி, அடிகள் ஒன்றையொன்று அழுத்தாதபடி தளர்வாகக் கட்டி நிலவறையில் வையுங்கள்.